ஒரு வெயில் பாப்பமா, சேர்?

மூட்டை அடுக்கின் இடுக்குக்குள் கையை விட்டேன். முழங்கை உள்ளே போகும் முன்பே சுட்டது. காய்ச்சலில் கிடக்கும் பிள்ளையின் வயிற்றைத் தொட்டது போல ஓர் ஈரச் சூடு. கையை எடுத்து முகர்ந்தால் பழஞ்சோற்றுப் புளிப்பு.

2022 மார்ச் மாதம், ஒரு வெள்ளிக்கிழமை. ஜும்மாவுக்காக மெசினை நிறுத்தியிருந்தோம். ஓடிக்கொண்டிருந்திருந்தால் உமித் தூசுக்குள் அந்த மணம் பிடிபட்டிருக்காது, இன்னும் ஒரு கிழமை தெரியாமலே போயிருக்கும்.

சம்மாந்துறைப் பக்கம் ஓர் அரிசி ஆலையில் நான் மேற்பார்வையாளர். சொந்த ஊர் மட்டக்களப்பு, படுவான்கரை. வந்து பன்னிரண்டு வருடமாகிறது. களம், அவியல், மெசின், களஞ்சியம், லொறி என்று முப்பது பேர் வரை வேலை செய்கிறார்கள். அதில் தமிழரும் முஸ்லிம்களும் கலந்திருக்கிறார்கள். அம்பாறை டவுன் பக்கமிருந்து சிங்களவர் இரண்டு பேரும் வருகிறார்கள்.

நெல்லோடு பழகாதவர்களுக்கு ஒரு விஷயம் சொல்லவேண்டும். முன்பெல்லாம் வெள்ளாமையை வெட்டி, கதிரைக் குவித்துச் சூடு வைத்து, ஆறப்போட்டு, பிறகுதான் அடிப்பார்கள். நெல் களத்துக்கு வரும்போதே பாதி காய்ந்திருக்கும். இப்போது வெட்டு மெசின் வயலில் வெட்டி அங்கேயே சாக்கில் கொட்டிவிடுகிறது. ஈரம் 20 வீதத்துக்கு மேல் இருக்கும். அதைக் காயவைத்து 14 வீதத்துக்குக் கீழே கொண்டுவராமல் அடுக்கினால் நெல் தானாகவே சூடேறும். அதுவும் உயிருள்ள விதைதானே, மூச்சு விடுகிறது. சூடேறினால் மஞ்சளாகும், பிறகு பூஞ்சணம் பிடிக்கும். அரசாங்கத்தின் நெல் சந்தைப்படுத்தும் சபையும் 14 வீதத்துக்கு மேல் ஈரமிருந்தால் எடுக்காது.

அந்த அடுக்கில் 240 மூட்டை. அது நெல் கிடைக்காத காலம் வேறு. முந்தின வருடம் இரசாயன உர இறக்குமதியை நிறுத்தியிருந்தார்கள். கடைசியில் தடையை எடுத்தாலும் அந்தப் பெரும்போகத்துக்கு, அதாவது மாரி வெள்ளாமைக்கு, அது கைகொடுக்கவில்லை. விளைச்சல் விழுந்து, நெல் விலை ஏறியிருந்தது. அந்த விலைக்கு வாங்கிய நெல்தான் என் கையைச் சுட்டது.

உடனே எனக்கு வந்த கேள்வி, "யார் செய்தது?" என்பதுதான். அதைத்தான் கேட்டேன், சத்தமாக. ஒருவரும் வாய் திறக்கவில்லை. தனித்தனியாகக் கூப்பிட்டு விசாரித்ததில் இரண்டு நாளில் கதை வெளியே வந்தது. ஒருவர் இல்லை, மூன்று பேருக்குத் தெரிந்திருக்கிறது.

முதலாமவன், ஈரம் பார்க்கும் தம்பி. இருபத்திரண்டு வயது. பெப்ரவரியில் ஒரு நாள் மீட்டர் அவன் கை தவறிச் சீமெந்தில் விழுந்திருக்கிறது. எடுத்துத் துடைத்தான், எண் காட்டியது, அப்படியே வைத்துவிட்டான். பிறகு பக்கத்து ஆலை மீட்டரோடு ஒத்துப் பார்த்தபோது எங்களுடையது இரண்டு வீதத்துக்கு மேல் குறைத்துக் காட்டியது. "ஏன் தம்பி சொல்லல?" என்றேன். அவன் பதில் சொல்லவில்லை. கந்தோர் சுவரைப் பார்த்தான். அங்கே நான் என் கையாலேயே எழுதி ஒட்டிய அறிவித்தல் இருந்தது: "பொருட்கள் உடைந்தால் சம்பளத்தில் கழிக்கப்படும்."

இரண்டாமவர், மூட்டை தூக்கும் நாட்டாமி நானா ஒருவர். மூட்டையைச் சுமந்து அடுக்கை மாற்றியபோதே முதுகில் சூடு தெரிந்ததாம். "அத நாங்க எப்படிச் சொல்ற, சேர்? மீட்டர் பாக்கிற ஆள் இருக்காரு, நீங்க இருக்கீங்க. நாங்க தூக்கிற ஆக்கள்." அதில் நக்கல் ஒன்றும் இல்லை, உண்மையாகவே அப்படித்தான் நினைத்திருக்கிறார்.

மூன்றாவது, களத்து அக்கா. என்னை இன்றுவரை உறுத்துவது அவருடைய கதைதான்.

அவர் முப்பது வருடமாக நெல் காயப்போடுகிறவர். வெயிலில் நெல்லைக் காலால் கிண்டிக்கொண்டே நடப்பார், இடையில் ஒரு மணியை எடுத்து முன்பல்லில் வைத்துக் கடிப்பார். காய்ந்த நெல் "டிக்" என்று உடையும். ஈரமுள்ளது நசியும். அதுதான் அவருடைய மீட்டர். அதற்கு முந்தின வருடம் ஒரு நாள், "இது இன்னும் காயல்ல" என்று நேரடியாகச் சொன்னார். லொறி நின்றுகொண்டிருந்தது, எனக்கு அவசரம். "இவ்வளவு காசு போட்டு வாங்கின மீட்டர விட உங்கட பல்லு பெரிசா அக்கா?" என்று கேட்டேன். எல்லாரும் சிரித்தார்கள், அவரும் சிரித்தார். நான் அதை அன்றே மறந்துவிட்டேன்.

2022 பெப்ரவரியில் அந்த 240 மூட்டை நெல் களத்தில் கிடந்தபோது அவர் என்னிடம் வந்து, "ஒரு வெயில் பாப்பமா, சேர்?" என்று மட்டும் கேட்டார். "மீட்டர் பதின்மூண்டரை காட்டுது, அள்ளுங்க" என்றேன். அள்ளினார்கள்.

ஆக, அவர் சொல்லாமல் இருக்கவில்லை. முதல் வருடம் "காயல்ல" என்று சொன்னவர், அடுத்த வருடம் "பாப்பமா" என்று கேட்டார். நடுவில் என் ஒரு பகிடி இருந்தது.

இதெல்லாம் எனக்கு அன்றே விளங்கியது என்று சொன்னால் பொய். அன்று எனக்கு மூன்று பேரின் மேலும் கோபம்தான். விளங்கியது சனிக்கிழமை இரவு, முதலாளிக்கு எப்படிச் சொல்வது என்று மனதுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தபோது. அவர் ஏசினால் ஊர் கேட்கும். "மழை ஈரத்தால் கொஞ்சம் பழுது" என்று சொல்லலாமா, 240ஐ 100 என்று சொல்லிவிட்டு மிச்சத்தைக் கணக்கில் பிறகு சரிக்கட்டலாமா என்று யோசித்துக்கொண்டே போனேன். ஒரு கட்டத்தில் எனக்கே வெட்கமாகிவிட்டது. மீட்டரைத் துடைத்து வைத்த தம்பி செய்ததையே நானும் செய்துகொண்டிருந்தேன். அவன் இருபத்திரண்டு வயதில் செய்தான், நான் நாற்பத்தைந்தில்.

திங்கட்கிழமை முதலாளியிடம் முழுக் கணக்கையும் சொன்னேன். ஏச்சு எதிர்பார்த்ததற்குக் குறைவில்லை. தம்பியின் சம்பளத்தில் பிடிக்கச் சொன்னார். அறிவித்தல் ஒட்டியது நான், மீட்டரை மாதம் ஒருமுறை ஒத்துப் பார்க்கச் சொல்லாததும் நான் என்று சொன்னேன். தம்பியின் சம்பளம் தப்பியது. எனக்கு அந்த வருடம் போனஸ் இல்லை. பாதி நெல்லைத் திருப்பிக் காயவைத்து மலிவாகத் தள்ளினோம். மிச்சத்தைக் கோழித்தீனுக்குக்கூடக் கொடுக்க முடியாது, பூஞ்சணம்.

சில மாதம் கழித்துக் கல்முனையில் ஒரு நாள் பயிற்சி ஒன்றுக்குப் போகக் கிடைத்தது. அங்கேதான் "உளவியல் பாதுகாப்பு" என்ற சொல்லை முதன்முதலில் கேட்டேன். சொல் எனக்கு இன்னும் ஒட்டவில்லை. எங்கள் களத்தில் போய்ச் சொன்னால் இரவுக் காவலுக்கு ஆள் போடப்போகிறார்கள் என்று நினைப்பார்கள். "பயமில்லாமல் சொல்லலாம்" என்றால் போதும்.

சொல்லை விடுங்கள், அங்கே கேட்ட ஒரு கதை மட்டும் மனதில் நின்றது. ஏமி எட்மண்ட்சன் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1990களில் ஆஸ்பத்திரி வார்டுகளில் மருந்து கொடுப்பதில் நடக்கும் பிழைகளைப் பார்க்கப் போனாராம். நன்றாக ஒன்றுசேர்ந்து வேலை செய்யும் வார்டில் பிழை குறைவாக இருக்கும் என்றுதான் எதிர்பார்த்திருக்கிறார். கணக்கு எதிர்மாறாக வந்தது, நல்ல வார்டுகளில்தான் பிழை அதிகம். யோசித்துப் பார்த்தபோது, அங்கே பிழை அதிகம் நடக்கவில்லை, நடந்ததை மறைக்காமல் சொல்கிறார்கள் என்று தெரிந்தது. 1999இல் அவர் எழுதிய ஆய்வுக் கட்டுரைக்குப் பிறகுதான் இந்தச் சொல் பரவலாக அடிபடத் தொடங்கியது.

எனக்கு உடனே எங்கள் கந்தோர்க் கொப்பி ஞாபகம் வந்தது. "பழுதுகள்" என்று தலைப்புப் போட்ட கொப்பி. அதில் அந்த வருடம் முழுவதற்கும் நான்கே வரி. அதை முதலாளிக்குக் காட்டிப் பெருமைப்பட்டவன் நான்.

இன்னொரு கதையும் சொன்னார்கள். 1977 மார்ச் 27, கனாரித் தீவுகளில் தெனரீஃப் விமான நிலையம். மூடுபனி. ஓடுபாதையில் இன்னொரு விமானம் இருக்கும்போதே கேஎல்எம் விமானத்தின் தலைமை விமானி புறப்பட ஓட்டத்தைத் தொடங்கிவிட்டார். பின்னாலிருந்த பொறியாளருக்குச் சந்தேகம். "அந்த விமானம் இன்னும் விலகவில்லையா?" என்று கேட்டார். "விலகிவிட்டது" என்று விமானி அழுத்திச் சொன்னார். பொறியாளர் அதற்குமேல் பேசவில்லை. 583 பேர் இறந்தார்கள். எங்கள் 240 மூட்டையை அதோடு ஒப்பிடக்கூடாதுதான். ஆனால் அந்தப் பொறியாளரும் சந்தேகத்தைக் கேள்வியாகத்தான் கேட்டார். மேலே இருப்பவனிடம் கீழே இருப்பவன் சந்தேகத்தைச் சொல்லும் விதம் எங்கும் ஒன்றுதான் போலிருக்கிறது. அன்றிலிருந்து யாராவது "பாப்பமா", "சரியா இருக்குமா", "அப்படியா சேர்" என்று இழுத்தால் நான் நின்றுவிடுகிறேன். அந்த இழுவைக்குள் ஏதோ இருக்கிறது.

எங்கள் பக்கத்தில் இந்த இழுவைக்கு வேர் ஆழம். என் அப்பப்பா ஒரு போடியாரிடம், அதாவது பெரிய வயற்சொந்தக்காரரிடம், வயலைப் பார்த்துச் செய்யும் முல்லைக்காரராக இருந்தவர். வயலின் ஒவ்வொரு வரம்பும் அவருக்குத்தான் தெரியும். ஆனால் போடியார் வந்தால் தோள் துண்டு இடுப்புக்கு இறங்கும், வாயில் "ஓம்" தவிர வேறு வராது. சூடடிக்கும் களத்தில் நெல்லைப் "பொலி" என்பார்கள். "இல்லை", "முடிஞ்சுது" போன்ற சொல் அங்கே வாயில் வரக்கூடாது, பொலிவு போய்விடும். அது ஒரு மரியாதை, ஓர் அழகு, அதை நான் குறை சொல்லவரவில்லை. ஆனால் கெட்டதைச் சொல்லாமல் இருப்பதே நல்லது என்று பழகிவந்த பரம்பரைக்கு, ஒரு நாள் பயிற்சிக்குப் போய்வந்தவன் "இனிமேல் எல்லாத்தையும் பயப்படாமச் சொல்லுங்க" என்றால் வந்துவிடுமா?

வரவில்லை. அப்படித்தான் தொடங்கினேன், காலைத் தேத்தண்ணி நேரத்தில் எல்லாரையும் கூட்டிவைத்து ஒரு சின்னச் சொற்பொழிவு. எல்லாரும் தலையாட்டினார்கள். சிங்களத் தம்பி "ஹரி, ஹரி" என்றான், அவனுக்கு நான் சொன்னதில் பாதிகூட விளங்கியிருக்காது. பிறகு யோசனைப் பெட்டி ஒன்று வைத்தேன். பூட்டுப் போட்ட தகரப் பெட்டி. ஒரு மாதம் கழித்துத் திறந்தால் உள்ளே இரண்டு டொபித் தாளும் ஒரு துண்டும். துண்டில், "தேத்தண்ணி தண்ணியா இருக்கு."

எனக்குச் சிரிப்பும் எரிச்சலும் ஒன்றாக வந்தன. நெல் பழுதாவதைப் பற்றி எழுதச் சொன்னால் தேத்தண்ணியாம். வீட்டில் மனைவியிடம் சொன்னேன். அவர், "முதல்ல அதக் குடுத்துப் பாருங்களேன், பிறகு பெரிசச் சொல்லுவாங்க" என்றார். அடுத்த நாளிலிருந்து தேயிலையைக் கூட்டிப் போடச் சொன்னேன். யார் எழுதியது என்று விசாரிக்கவில்லை. பெட்டியைப் பற்றியும் பேசவில்லை. தேத்தண்ணி நிறம் மாறியது, அவ்வளவுதான். இரண்டு கிழமையில் கூட்டும் அக்கா ஒருவர் என் அறை வாசலில் வந்து நின்று, உமிக் கிடங்குப் பக்கம் வயர் ஒன்று தோல் உரிந்து கிடக்கிறது என்றார். அது தேத்தண்ணி இல்லை, நெருப்புப் பிடிக்கிற சமாச்சாரம்.

ஆட்கள் முதலில் சின்னதைப் போட்டுத்தான் ஆழம் பார்ப்பார்கள். அதை அலட்சியம் செய்தால் பெரியது வரவே வராது. பெட்டியை நான் பிறகு கழற்றிவிட்டேன். பூட்டுப் போட்ட பெட்டியே "இங்கே நேரில் சொல்ல முடியாது" என்று சொல்வது போல எனக்குப் பட்டது. இதில் மற்றவர்களுக்கு வேறு அனுபவம் இருக்கலாம்.

அறிவித்தலைக் கிழித்தது முதல் நாளே நடந்தது. அதற்குப் பதிலாகப் புதிய அறிவித்தல் எதுவும் ஒட்டவில்லை. வாயால் சொன்னேன்: உடைந்தால், விழுந்தால், அன்றைக்கே சொன்னால் காசு பிடிப்பதில்லை. மறைத்து வைத்துப் பிறகு தெரிந்தால் கதை வேறு. இதை ஒருவரும் நம்பவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. நம்பியது, மெசின் நானா உமி நீக்கும் ரப்பர் உருளையைப் பிழையாக இறுக்கி, ஒரு நாள் முழுக்கக் குருணை கூடிப்போனபோதுதான். அவரே வந்து சொன்னார், வியர்த்துப் போயிருந்தார். எனக்குள் ஏச்சு தொண்டை வரை வந்தது. விழுங்கிவிட்டு, "சரி, வாங்க, காட்டுங்க" என்றேன். இரண்டு பேரும் போய்ப் பார்த்தோம். மாலைக்குள் ஆலை முழுக்கக் கதை பரவிவிட்டது: "நானா போய்ச் சொன்னாராம், சேர் ஒண்டும் ஏசல்லையாம்." என் சொற்பொழிவு செய்யாததை அந்த ஒரு செய்தி செய்தது.

"சரி, காட்டுங்க" என்பதை நான் பழக்கமாகவே ஆக்கிக்கொண்டேன். என் வாயில் முதலில் வருவது "ஏன்". "ஏன் இப்படி ஆச்சு" என்று நான் காரணம் அறியத்தான் கேட்பேன், கேட்பவருக்கோ அது விசாரணையாகக் கேட்கும். அதனால் "எப்ப பாத்தீங்க", "எந்தப் பக்கம்" என்று கேட்கப் பழகினேன். "பிரச்சினை ஏதும் இருக்கா?" என்ற கேள்வியையும் விட்டுவிட்டேன், அதற்கு "இல்ல சேர்" என்பதுதான் எப்போதும் பதில். இப்போது காலையில், "இண்டைக்கு எந்த அடுக்கில உங்களுக்குச் சந்தேகம்?" என்று கேட்கிறேன். சந்தேகம் இருக்கிறது என்று நானே வைத்துக்கொண்டு கேட்பதால், அவர்களுக்கு இடத்தைக் காட்டுவது மட்டும்தான் வேலை.

கூட்டத்திலும் எனக்கு நம்பிக்கை குறைந்துவிட்டது. கூட்டத்தில் வாயுள்ளவர்கள்தான் கதைப்பார்கள். களத்துப் பெண்கள் ஆண்களுக்கு முன்னால் ஒரு வசனம்கூடச் சொல்ல மாட்டார்கள். அவர்களிடம் கேட்கவேண்டுமென்றால் பத்து மணி வெயிலில் களத்துக்குப் போய், செருப்பைக் கழற்றிவிட்டு, அவர்களோடு கொஞ்ச நேரம் நெல்லைக் கிண்டவேண்டும். கால் சுடும். ஆனால் அங்கே தெரிகிற விஷயம் கந்தோருக்கு வராது.

நடுவில் நானே ஒருமுறை கெடுத்தேன். சிறுபோக அறுவடை, லொறி இரண்டு வரிசையில் நிற்கிறது, தம்பி எடைச்சீட்டில் எண்ணை மாற்றி எழுதிவிட்டான். பத்துப் பேருக்கு முன்னால் அவனை வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டேன். அடுத்த ஒரு கிழமை, "எந்த அடுக்கில சந்தேகம்?" என்று கேட்டால் எல்லா அடுக்கும் திறமாம். ஐந்து மாத உழைப்பு ஐந்து நிமிடத்தில் போனது. தம்பியைத் தனியாகக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டேன், ஒன்றும் மாறவில்லை. பிறகுதான் புத்தி வந்தது. ஏசியது பத்துப் பேருக்கு முன்னால், மன்னிப்பு மட்டும் அறைக்குள் என்றால் கணக்குச் சரிவராது. தேத்தண்ணி நேரத்தில் எல்லாருக்கும் முன்னால் சொன்னேன். கூடவே, போன வருடம் நானே ஒரு லொறிக்கு ஆறு மூட்டை கூட ஏற்றிவிட்டு யாருக்கும் சொல்லாமல் விட்டதையும் சொன்னேன். கொஞ்ச நேரம் ஒருவரும் பேசவில்லை. பிறகு நாட்டாமி நானா, "அது எங்களுக்குத் தெரியும் சேர், நாங்கதானே தூக்கின" என்றார். அன்று சிரித்த சிரிப்பு வேறு மாதிரி.

இதை வைத்து, எங்கள் ஆலையில் யார் என்ன செய்தாலும் பரவாயில்லை என்று யாரும் நினைக்கவேண்டாம். ஒருவர் குடித்துவிட்டு வந்து பெல்ட் பக்கம் நின்றபோது அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பினேன், இரண்டாம் முறை வேலையிலிருந்தே நிறுத்தினேன். ஈரம் 14க்கு மேலே போனால் அடுக்க விடுவதில்லை, அதில் நான் முன்பைவிடக் கடுமை. கை தவறுவது வேறு, சொல்லியும் கேளாமல் செய்வது வேறு. அந்தக் கோட்டை நான் குழப்பிக்கொண்டால் ஒழுங்காக வேலை செய்கிறவர்கள்தான் முதலில் வெறுத்துப் போவார்கள்.

முதலாளி மாறவில்லை. இப்போதும் தொலைபேசியில் ஏசுகிறார். மேலிருந்து வருவதை நான் வாங்கிக்கொண்டு கீழே பாதியைத்தான் அனுப்புகிறேன். அது லேசான வேலை இல்லை, சில நாள் இரவில் தூக்கம் வருவதில்லை. மேலே மாற்றமில்லாமல் நடுவிலிருப்பவன் எவ்வளவு நாள் தாங்குவான் என்ற கேள்வி எனக்கு இருக்கிறது. ஆனால் "பழுதுகள்" கொப்பி இப்போது மூன்றாவது ஓடுகிறது. அதைப் பார்த்துவிட்டு, "முந்தி இவ்வளவு பழுது இல்லையே" என்றார் முதலாளி. "இருந்தது, எழுதல்ல" என்றேன். அவர் நம்பினாரா தெரியாது. பெரிய இழப்பு வரவில்லை என்பதை மட்டும் கவனித்திருக்கிறார், அதனால் விட்டுவைத்திருக்கிறார்.

இந்த வருடப் பெரும்போகத்தில் ஒரு நாள் களத்து அக்கா நேரே என் மேசைக்கு வந்தார். உள்ளங்கையில் நாலைந்து நெல்மணி. "இது காயல்ல. அள்ள வேணாம்." கேள்வியுமில்லை, சேருமில்லை. மீட்டர் 13.4 காட்டியது, அது புது மீட்டர், முந்தின கிழமைதான் ஒத்துப் பார்த்தது. நானும் ஒரு மணியைக் கடித்தேன், எனக்கு "டிக்" என்றுதான் கேட்டது. இருந்தாலும் அள்ளவில்லை, இன்னொரு வெயில் போட்டோம். மாலையில் இரண்டு மீட்டரில் பார்த்தால் நெல் 12க்கு இறங்கியிருந்தது. அக்காவுக்குத்தான் பிழை. எடை குறைந்தது, லொறி ஒரு நாள் சும்மா நின்றது, முதலாளியிடம் எனக்கு ஏச்சு.

அவர் தூரத்தில் விளக்குமாறோடு நின்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். போய் எண்ணைச் சொன்னேன். "அப்ப என்ட பல்லுத்தான் பழுது" என்றார். "ரெண்டு மீட்டர் இருக்கட்டும் அக்கா, ஒண்டு பிழைச்சா மற்றது இருக்கு" என்றேன். அவர் ஒன்றும் சொல்லாமல் குனிந்து கூட்டத் தொடங்கினார்.

அடுத்த நாள் பத்து மணிக்கு மறுபடியும் வந்து, மேசையில் மூன்று நெல்மணியை வைத்துவிட்டுப் போனார்.